ஜன்னல் சீட்டுக்காரர்களும் என் சன்ஸ்கிரீனும்

மெடிக்கல் ஷாப்பில் மருந்தை எடுத்துக் கொடுப்பது ஒரு நிமிட வேலை. அதை எப்படிப் போடணும் என்று சொல்லி நம்ப வைப்பதற்குள் தொண்டை வற்றிவிடும். தக்கலையில் என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் திருவனந்தபுரம் போய் வளைகுடாவுக்குப் பிளேன் ஏறுகிறவர்கள். என்னைப் போல மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிற உங்களுக்கும் இந்த அவஸ்தை பழக்கமாகத்தான் இருக்கும்.

ஏசிக்குள் ஏது வெயில்?

இராஜாக்கமங்கலத்துக்காரர், மீன்பிடி வேலைக்கு ஓமன் போகிறவர். முகப்பருவுக்கு டாக்டர் எழுதிய மாத்திரை வாங்க வந்தார். அதைச் சாப்பிட்டால் தோல் வெயில் தாங்காது. பகல் பிளேன், ஜன்னல் சீட்டு வேறு. மேலே வெயில் இன்னும் கடுமை, ஜன்னல் அதை முழுசாகத் தடுக்காது, சன்ஸ்கிரீன் கிரீம் பூசிக்கொள்ளுங்கள் என்று மாற்றி மாற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“வள்ளத்துல உச்சி வெயிலுல நிக்கும்போ பூசல்ல. ஏசியில இருந்து போறதுக்கா பூசணும்?”

பெரிய குப்பி

மார்த்தாண்டத்தில் துணிக்கடை வைத்திருக்கிற அக்காவுக்குச் சன்ஸ்கிரீனில் சின்ன டியூப் போதாது. பெரிய குப்பிதான் வேண்டும். கைப்பையில் வைத்தால் ஏர்போர்ட்டில் விடமாட்டார்கள், பெட்டிக்குள் வையுங்கள் என்றேன். தலையாட்டிவிட்டுக் கைப்பையில் வைத்தார். ஏர்போர்ட் செக்கிங்கில் பிடித்துக்கொண்டார்கள். ஊர் திரும்பியதும் கடைக்கே வந்து பெருமையாகச் சொன்னார்:

“தூரப் போடச் சொன்னாவ, நான் விடுவேனா? எனக்கும் பூசி, அவியளுக்கும் பூசி, பின்னால வரியில நின்னவளுக்கும் பூசிவிட்டேன்.”

டீச்சர்

இது சிரிக்கிற விஷயம் இல்லை. ரிட்டயர்டு டீச்சர் ஒருவருக்கு லூபஸ். வெயில் பட்டால் கிளம்பும் நோய். மகளுக்குத் துபாயில் பிரசவம். நடு சீட்டுக் கேளுங்கள், முகத்திலும் கையிலும் கிரீம் பூசுங்கள் என்று கணவரிடமும் சொல்லி அனுப்பினேன்.

முதல் பிளேன் பயணம், மேகம் பார்க்கட்டும் என்று கணவர் ஜன்னல் சீட்டு வாங்கியிருக்கிறார். சம்மந்தி வீட்டார் ஏர்போர்ட்டுக்கு வருகிறார்கள், முகம் வெள்ளை வெள்ளையாகத் தெரியும் என்று கிரீமையும் தடுத்துவிட்டார். போய் இறங்கிய இரண்டாம் நாள் டீச்சருக்கு முகமெல்லாம் சிவந்து காய்ச்சல், ஆஸ்பத்திரி. பேரப்பிள்ளை பிறந்தபோது டீச்சர் வேறொரு வார்டில் படுத்திருந்தார்.

திரும்பி வந்ததும் இருவரும் கடைக்கு வந்தார்கள். டீச்சர் செல்போனில் பிள்ளையின் படத்தை மட்டும் காட்டினார். கணவர்தான் பேசினார்:

“நீ இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம்லா மக்கா?”

இப்போதெல்லாம் டியூப்பைக் கையில் கொடுத்ததுமே கவுண்டர் முன்னால் நிற்க வைத்து ஒரு தடவை பூசச் சொல்கிறேன். இந்த ஆளுக்கு ஏதோ ஆகிப்போச்சு என்று பக்கத்து டீக்கடையில் பேச்சு.