எரியாத தண்ணீர்

என் அக்கா புவனேஸ்வரி காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடையில் முகூர்த்தப் புடவைப் பிரிவில் நின்றாள். பத்தாவதோடு படிப்பை விட்டவள். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். ஆனாலும் நான் கல்லூரியில் வாங்கியதைவிட அவள் அந்த இடத்தை வாங்கியதுதான் பெரிது என்று தோன்றும்.

அவளுக்குக் கிட்டப்பார்வை. அவள் கண்ணாடி போடுவது கடை முதலாளி வேணுகோபாலுக்குப் பிடிக்கவில்லை.

"பொடவய தோள்ல போட்டுக் காட்டுற பொண்ணு டீச்சராட்டம் நின்னா யாருமா வாங்குவாங்க? லென்ஸ் போட்டுக்கோ."

போட்டுக்கொண்டாள். மென்மையான லென்ஸ் தண்ணீர் குடிக்கும் பொருள். ராத்திரி டப்பாவில் மருந்துத் தண்ணீரில் ஊறும்போது அதிலுள்ள கிருமிநாசினியையும் சேர்த்துக் குடிக்கும். காலையில் கண்ணுக்குள் போனதும், குடித்ததைக் கண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக விடும். பலருக்கு அது தெரியவே தெரியாது. அக்காவுக்குக் கடை திறந்து வெகுநேரம் கண் எரியும்.

ஒருநாள் பழைய தண்ணீரைக் கொட்டாமல், அதன் மேலேயே கொஞ்சம் புதியதை ஊற்றினாள். மறுநாள் எரியவில்லை.

"நைனா, புதுசா ஊத்துனாதான் எரியுது. பழசுல கலந்தா ஒண்ணும் பண்ணல."

நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பா குமாரசாமி பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். "பின்ன? அண்டாத் தண்ணிய எவனாவது தெனம் கொட்டுவானா? மேல மேல சாயத்த சேத்துக்கினே போவணும். பழகுன தண்ணி பட்டுக்கு நல்லது."

"பட்டுக்கு சரி நைனா. கண்ணுக்கு?"

"உன் கண்ணு என்ன, பாலியஸ்டரா?"

சிரித்தோம். அதுவே அவள் வழக்கமானது.

எரியாததற்குக் காரணம் வேறு. டப்பாவிலிருந்த மருந்தை லென்ஸ் ஏற்கெனவே குடித்திருந்தது. மிஞ்சியது வீரியம் போன தண்ணீர். அதில் கிருமி சாகவில்லை, பெருகியது.

ஆவணி முகூர்த்தக் கூட்டத்தில் வலது கண் சிவந்தது. "லீவு போட்டா எடத்த வேற யாருக்காவது குடுத்துடுவாங்க" என்று மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொண்டு நின்றாள். கண்ணைத் திறக்கவே முடியாத நாளில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கருவிழியில் புண். தண்ணீரை ஏன் தினமும் மாற்ற வேண்டும் என்று டாக்டர் விளக்கினார்.

நைனா டாக்டரிடம் மெதுவாகச் சொன்னார்: "நூலு சாயத்த குடிச்சிட்டா அண்டாவுல தண்ணி வெளுத்துடும். அத கண்ணால பாத்துதான் எவ்ளோ சேக்கணுமோ அவ்ளோ சேப்போம். இதுல கலரே இல்லியேமா."



புண் ஆறியது. கருவிழியில் வெள்ளையாக ஒரு தழும்பு நின்றுவிட்டது. அக்கா கண்ணாடியோடு கடைக்குப் போனாள்; துணைக்கு நானும் போனேன். வேணுகோபால் இரண்டு அரக்குப் புடவைகளைப் பிரித்துப் போட்டு எது அழுத்தமான நிறம் என்று கேட்டார். சட்டென்று சரியாகத் தொட்டுக் காட்டினாள்.

"தெரியுது, இல்லன்னு சொல்லலமா. ஆனா கல்யாணத்துக்கு எடுக்க வர்றவங்க மொதல்ல உன் கண்ணத்தான் பாப்பாங்க. அபசகுனம்னுவாங்க. நீ மாடில பேக்கிங்ல இரு."

நான் வேதியியல் படித்தவன். லென்ஸ் எதைக் குடிக்கும், எதை விடும் என்று அவருக்கு அரை மணி நேரம் சொல்லியிருப்பேன். அபசகுனத்துக்கு என்ன சொல்வது? பிரித்துக் கிடந்த புடவைகளை மடிக்க அக்காவுக்கு முனை பிடித்துக் கொடுத்தேன். என்ன படித்தேன் என்று இப்போதும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

அக்கா பேக்கிங்குக்குப் போனாள். அவள் இடத்துக்குச் சிம்ரன் என்ற பெண் வந்தாள். அவளும் கண்ணாடி போடுகிறவள். வேணுகோபால் அக்காவைத்தான் மாடியிலிருந்து கீழே கூப்பிட்டார்.

"புவனா, லென்ஸ் எப்படிப் போடுறதுன்னு இந்தப் பொண்ணுக்கு சொல்லிக் குடு."

அக்கா அவளைக் கை கழுவச் சொன்னாள். ராத்திரி பழைய தண்ணீரைச் சொட்டு விடாமல் கொட்டச் சொன்னாள். லென்ஸை விரல் நுனியில் எடுத்துக் காட்டினாள்.

"எரியுமாக்கா?" என்றாள் சிம்ரன்.

"எரிஞ்சா எங்கிட்ட சொல்லாத," என்றாள் அக்கா, வேணுகோபாலின் காதில் விழும்படி. "மொதலாளிகிட்ட சொல்லு."