முட்டை போடாத கேக்

என் மச்சாள் விமலேஸ்வரி எங்கள் வீட்டுக்கு வந்து மீன் வெட்டப் பழகினாள். மீன் தின்னப் பழகவேயில்லை. முல்லைத்தீவுக் கடற்கரையில் வாழ்க்கைப்பட்டு, பிள்ளை குட்டி பெற்று, பாரையும் விளைமீனும் துண்டு போட்டுக் குழம்பு வைத்து எல்லோருக்கும் பரிமாறுவாள். தனக்கு மட்டும் ஒரு பருப்புச் சட்டியை ஓரத்தில் வைத்துக்கொள்வாள். குழம்புக்கு உப்புப் பார்க்க என்னைத்தான் கூப்பிடுவாள். நான் நன்றாகவே உப்புப் பார்ப்பேன். சட்டியில் இரண்டு துண்டு குறையும்.

இப்போது அவள் இல்லை. அவளை நினைத்தால் எனக்கு அந்தக் கலியாணக் கேக்தான் முன்னுக்கு வருகிறது. அறுபத்திரண்டாம் ஆண்டு. எனக்கு வயது பதினாறு, வாய்க்கு அறுபது.

அவள் முள்ளியவளைப் பரமலிங்கத்தாரின் ஒரே மகள். அவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டி வயலாக்கியவர். சுத்த சைவம். மனைவி இறந்த பிறகு தானே சமைத்துப் போட்டு மகளை வளர்த்தார். மகள் தையல் பழக முல்லைத்தீவுக் கன்னியர் மடத்துக்கு பஸ்ஸில் வந்து போனாள். பஸ் தரிப்பில் என் அண்ணன் கிறிஸ்தோப்பருக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். தூண்டிலும் வலையும் இல்லாமலே அவன் அங்கே ஒரு வருடம் நின்றான். கடைசியில் அவள் ஞானஸ்நானம் பெற்று அவனைக் கட்டுவதென்று முடிவானபோது பரமலிங்கத்தார் சத்தம் போடவில்லை. "நீ போ. நான் வரமாட்டன்" என்று மட்டும் சொன்னாராம்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கலியாணத்துக்கு வராத சொந்தத்துக்கு, மாப்பிள்ளையும் பொம்பிளையும் வெட்டிய கேக்கில் ஒரு துண்டு வீடு தேடிப் போகும். வாங்கித் தின்றால் கோபம் தீர்ந்தது. திருப்பி அனுப்பினால் அந்த வாசலை மறந்துவிட வேண்டியதுதான். இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து மச்சாளுக்கு வேறு நினைவில்லை. நகை கேட்கவில்லை, சேலை கேட்கவில்லை. பெற்ற ஐயாவின் வாயில் ஒரு துண்டு கேக் போகவேண்டும், அவ்வளவுதான்.

கோயிலில் கலியாணத்துக்கான முதலாம் ஓலையை, அதாவது முதல் அறிவித்தலை, வாசித்த மறுநாள் அண்ணனும் மச்சாளும் நானும் அப்புத்துரையின் பேக்கரிக்குப் போனோம். என்னைத் துணைக்கென்று அனுப்பினார்கள். நான் போனது பாண் வேகும் போறணை வாசத்துக்கு. கரைவலைப் பங்கில் அண்ணன் மிச்சம் பிடித்த நாற்பது ரூபாதான் கையில். அப்புத்துரை கொழும்பிலிருந்து வந்த படப்புத்தகத்தை விரித்தார். தூண் வைத்த மூன்றடுக்கு, அன்னம் வைத்த இரண்டடுக்கு. அண்ணனின் கண் இரண்டடுக்கில் ஒட்டிக்கொண்டது. அவன் கூட்டாளிகளின் கலியாணங்களில் எல்லாம் இரண்டடுக்குத்தான்.

"உது நாற்பதுக்குச் சரியாய் வரும், தம்பி" என்றார் அப்புத்துரை.

"எத்தினை முட்டை போடுவியள்?" என்று மச்சாள் கேட்டாள்.

"அறுபது. ஒண்டும் குறைக்கமாட்டன்."

"முட்டை இல்லாமல் செய்யேலாதோ?"

கடல் தண்ணீரில் உப்பு வேண்டாம் என்றவளைப் பார்ப்பதுபோல அவர் அவளைப் பார்த்தார்.

"செய்யலாம், பிள்ளை. ஆனா பட்டரும் கஜுப் பருப்பும் பேரீச்சம்பழமும் கூடப் போடவேணும். இந்தக் காசுக்கு ஒரு அடுக்குத்தான். அதுவும் எழும்பாது, தட்டையாய்க் கிடக்கும். மேலை ஐசிங் பூசவும் காசு மிஞ்சாது."

நான் அவள் காதுக்குள் புத்தி சொன்னேன். "ஐயாவுக்கு மட்டும் சின்னனாய் ஒண்டு வேறாய்ச் சுடுவிப்பமே?"

"அது கடையில வாங்கின இனிப்பு, யூலிற்றா. நாங்கள் வெட்டினதிலைதான் போகவேணும். எனக்கெண்டால் பரவாயில்லை, வாயில வைச்சமாதிரி நடிச்சுப்போடுவன்."

அண்ணன் அன்னத்தை இன்னொரு தரம் பார்த்தான். பிறகு புத்தகத்தை மூடினான். "முட்டை போடவேண்டாம், முதலாளி" என்றான். அதுவரை அவன் எனக்கு, வலையில் பிந்தி நின்று சோற்றுக்கு முந்தி வருகிறவன். அன்றுதான் அவன்மேல் மரியாதை வந்தது. பிறகு நாற்பது வருடம் அவர்கள் சேர்ந்து வாழ்ந்தார்கள். எத்தனையோ இடம் மாறினோம், அவளுடைய தையல் மெசினையும் தூக்கிக்கொண்டு. இருவரும் சண்டை பிடித்த நாட்களில்கூட எனக்கு அந்தப் புத்தகம் மூடிய சத்தம் கேட்கும்.

கலியாணத்தன்று கேக்கைக் கொண்டுவந்து வைத்தபோது நாங்கள் வாயைப் பிளந்தோம். அந்தத் தட்டைக் கேக் வெள்ளை வெளேரென்று ஐசிங் பூசி, சுற்றிவர ரோசாப்பூவோடு நின்றது. அப்புத்துரையும் நேரிலே வந்திருந்தார். இரண்டு பேரின் கையும் கத்தியில் இருக்கும் நேரம் பார்த்துச் சொன்னார்:

"ஐசிங் என்ரை பரிசு, பிள்ளை. இருபது முட்டையின்ரை வெள்ளைக்கரு!"

அவரைக் குறை சொல்ல முடியாது. முட்டை ஏன் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவுமில்லை, அவர் கேட்கவுமில்லை. மஞ்சள்கருவின் வெடுக்கு மணம் பிடிக்காத பெண் என்று நினைத்துக்கொண்டாராம். மச்சாள் சிரித்துக்கொண்டு வெட்டினாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது.

பின்னேரம் அவள் ஒரு துண்டை எடுத்துக் கத்தியால் ஐசிங்கை வழித்தாள். மேலே வழித்து, பக்கங்களைச் சீவி, கடைசியில் தீப்பெட்டி அளவுதான் மிஞ்சியது.

"ஒண்டும் சொல்லாமல் குடுப்பம். அவருக்கு எப்பிடித் தெரியப்போகுது?" என்றான் அண்ணன்.

"ஐயாவிட்டை நான் ஒரு பொய்தான் சொன்னனான், தையல் வகுப்பு நாலு மணிமட்டும் எண்டு. அந்த ஒண்டே காணும்."

மூன்றாம் நாள் முள்ளியவளைக்கு பஸ் ஏறினோம். அண்ணன் சந்தியிலேயே நின்றுவிட்டான். தன்னைக் கண்டால் கேக் திரும்பிவிடும் என்று பயம். நானும் மச்சாளும் படலையைத் திறந்துகொண்டு போனோம். பரமலிங்கத்தார் முற்றத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டும் நெல்லைக் காலால் கிளறிக்கொண்டே நின்றார்.

மச்சாள் பொட்டலத்தை நீட்டினாள். "ஐயா, கேக்கில முட்டை இல்லை. மேலை பூசின ஐசிங்கில இருந்தது. எங்களுக்குத் தெரியாமல் பூசிப்போட்டினம். வழிச்சனான். எண்டாலும் முட்டை பட்டதுதான்."

அவர் பிரித்தார். அந்தச் சின்னத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எனக்குச் சரிவராது, பிள்ளை" என்று அதை அவள் கையிலேயே வைத்துவிட்டு உள்ளே போனார்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கல்நெஞ்சுக்காரன் என்று முணுமுணுத்தேன். மச்சாள் படலைப் பக்கம் திரும்பிவிட்டாள். கண்ணைக்கூடத் துடைக்கவில்லை.

"நில்லு."

குசினியிலிருந்து ஒரு பனங்கட்டியோடு வந்தார். அம்மியில் வைத்துக் குழவியால் ஒரு தட்டுத் தட்டினார். மூன்றாக உடைந்தது. ஒரு துண்டைத் தன் வாயில் போட்டார்.

"கலியாண இனிப்பு நான் திண்டிட்டன்" என்றார்.

அடுத்ததை அவள் வாயில் வைத்தார். அவள் விம்மிய விம்மலில் அது பாதி வெளியே வந்துவிட்டது. மூன்றாவது துண்டு அவர் உள்ளங்கையில் இருந்தது. எனக்காக்கும் என்று நான் கையை நீட்டினேன்.

"உனக்குப் பிறகு தாறன். இது சந்தியில வெயிலுக்கை நிக்கிறவருக்கு, வேலியாலை கண்டனான். இஞ்சை வந்து வாங்கச் சொல்லு."

மச்சாள் ஐயாவை விட்டு நகரவில்லை. நான்தான் ஓடினேன்.