ஏசியை அணைத்தால் ஏறும் கார்

எங்கள் வீட்டில் கார் ஓட்டத் தெரிந்தவள் என் மனைவி ஒருத்திதான். அந்தக் காருக்கு எந்த எஞ்சின் உகந்தது என்று முடிவு செய்தவர்கள் நானும் அவள் தம்பியும். நான் உத்தியோக காலம் முழுவதும் ஆபீஸ் பஸ்ஸில் போய்வந்த என்ஜினீயர். அவன் மாட்டுங்காவிலிருந்து லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டு பேங்குக்குப் போய் ரிடையரானவன். இருவருக்கும் ஸ்டியரிங்கைத் தொட்ட பழக்கம் கிடையாது. கருத்துக்கு மட்டும் பஞ்சமில்லை.

பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அவள் டிரைவிங் கற்றுக்கொண்டு ஒரு சின்னக் கார் வாங்கினாள். வியாழக்கிழமை தோறும் செம்பூரிலிருந்து மாட்டுங்காவுக்கு ஓட்டிக்கொண்டு போவாள். அவளோடு வேலை பார்த்த டீச்சர் ஒருத்தி அங்கே இருக்கிறாள். கண் பார்வை மங்கிவிட்டது. அவளை ஏற்றிக்கொண்டு, பூவும் காய்கறியும் வாங்கி, ஏதாவது மர நிழலில் வண்டியை நிறுத்திவிட்டு இரண்டு பேரும் உள்ளேயே உட்கார்ந்து பேசுவார்களாம். அப்படி என்னதான் பேசுகிறீர்கள் என்று நான் கேட்டதில்லை.

எங்கள் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டியபோது பார்க்கிங்கை முதல் மாடிக்குக் கொண்டுபோனார்கள். அதற்கு ஏறும் ராம்ப் செங்குத்தாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏசி போட்டால் வண்டி அதில் மூச்சு வாங்குகிறது என்று அவள் தம்பியிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அவன் காப்பி டம்ளரைக் கீழே வைத்தான். "அத்திம்பேர், எஞ்சின் போயிடுத்து. எடுத்துட்டுப் பெரிய எஞ்சினா வெச்சுடணும்."

"எஞ்சின் நன்னாத்தான் இருக்கு. காத்து போறலை. டர்போ போட்டா சரியாயிடும்" என்றேன் நான். வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு குட்டி விசிறியைச் சுழலவிட்டு, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தி அனுப்புவது டர்போ. அது எனக்கு மிக நேர்த்தியான யோசனையாகத் தோன்றியது.

"ராம்ப் அடில வந்ததும் நான் ஏசியை அணைச்சுடறேன். சமத்தா ஏறிடறது" என்றாள் அவள்.

"அக்கா, நீ சும்மா இரு. இது டெக்னிக்கல் மேட்டர்" என்றான் தம்பி. நானும் தலையை ஆட்டினேன்.

தாராவியில் திருநெல்வேலிக்காரர் ஒருவர் இந்த மாதிரி வேலை செய்கிறார் என்று கேள்விப்பட்டு, ஒரு டிரைவரைப் பிடித்து வண்டியை அனுப்பினோம். அவர் முதல் காரியமாக, சும்மா பார்ப்பதற்கென்று எஞ்சினின் மேல்பாகத்தைக் கழற்றி வைத்துவிட்டார். நான் பேசினால், "டர்போ போட்டா சும்மா பறக்கும்லா ஸார்" என்பார். மச்சான் பேசினால், "எஞ்சினையே மாத்திட்டா ஜோலி முடிஞ்சுது" என்பார். இதில் எது என்று இருவருமாக நெருக்கினோம்.

"ரெண்டும் நல்லதுதான். நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சிட்டு வாங்க. வண்டி எங்க போவப்போவுது?"

வண்டி எங்கும் போகவில்லை. நாங்கள் மாட்டுங்காவில் ஒரு ஓட்டலில் ஞாயிறு தோறும் கூடினோம். ஆபீஸில் ஒரு பம்ப் வாங்குவதற்கே கமிட்டி போட்டு, ஆட்சேபம் எழுப்பி, ஆட்சேபத்துக்குப் பதில் எழுதிப் பழகியவன் நான். பெரிய எஞ்சின் வைத்தால் எடை கூடும், ஆர்டிஓவில் அனுமதி வாங்க அலைய வேண்டும் என்பேன். டர்போ போட்டால் சூடு தாங்காது என்பான் அவன். இட்லி ஆறிப்போகும், இன்னொரு பிளேட் சொல்வோம். மழைக்காலம் வந்தது, போனது. மெக்கானிக்கின் சந்தில் யாரோ எங்கள் கார் பானட்டின் மேல் அப்பளம் காயவைத்திருந்தார்கள். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அந்த வியாழக்கிழமைகளில் அவள் பஸ்ஸில் போனாள். முழங்கால் வலி வந்தபின் போனில் பேசிக்கொண்டாள். நான் ஹாலில் டிவி பார்ப்பதால் பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள்.

கடைசியில் டர்போதான் என்று முடிவு செய்தேன். காரணத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மச்சான் பெரிய எஞ்சின் என்றதுதான் காரணம்.

வண்டி வீடு திரும்பிய அன்று அவளை உட்காரவைத்து நான் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். ராம்ப் அடியில் வந்ததும் அவள் கை பழக்கத்தில் ஏசி பட்டனுக்குப் போனது. "வேண்டாம், இப்ப அணைக்காம ஏத்து" என்றேன். அவள் மிதித்தாள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் கொஞ்சம் மிதித்தாள். அந்த நொடியில் புகை வேகம் பிடித்து டர்போ விழித்துக்கொண்டது. வண்டி ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து, வளைவில் இருந்த சுவரில் முட்டி நின்றது. ஒரு ஹெட்லைட் போனது. எங்களுக்கு அடியில்லை.

வாட்ச்மேன் ஓடிவந்தான். "க்யா மேடம், ஆஜ் தோ ராக்கெட்!" என்றான். இன்றைக்கு வண்டி ராக்கெட்டாகிவிட்டதாம்.

அவள் எஞ்சினை அணைத்தாள். பிறகு சாவியை உருவி என் மடியில் வைத்தாள்.

"மின்னாடி அது எப்ப ஏறும், எப்ப ஏறாதுன்னு எனக்குத் தெரியும். இது உங்க வண்டி. நீங்களே ஓட்டிக்கோங்கோ."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதன் பிறகு அவள் டிரைவர் சீட்டில் உட்காரவே இல்லை. டர்போவைக் கழற்றிவிடலாம் என்றேன். வண்டி பழையபடி ஆகும், நான் ஆக மாட்டேன் என்றாள்.

எனவே இந்த வயதில் நான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். என்னோடு கற்றுக்கொண்ட காலேஜ் பெண்கள் என்னை அங்கிள் என்று கூப்பிட்டுத் தைரியம் சொன்னார்கள். இப்போது வியாழக்கிழமைகளில் நான்தான் ஓட்டுகிறேன். செம்பூரிலிருந்து மாட்டுங்கா வரை இருக்கிற நெரிசலில் இரண்டாவது கியரைத் தாண்டுவது அபூர்வம். டர்போவுக்கு வேலையே வருவதில்லை. பின்சீட்டில் இரண்டு பேரும் மரியாதையாக உட்கார்ந்திருப்பார்கள். வெயில் ஜாஸ்தி என்பாள் ஒருத்தி. ஆமாம் என்பாள் மற்றவள். அதற்கு மேல் பேச்சு இல்லை.

ஒருநாள் மர நிழலில் நிறுத்திவிட்டுக் காப்பி வாங்கப் போனேன். திரும்பி வரும்போது தூரத்திலிருந்து பார்த்தேன். இருவரும் தலையைச் சேர்த்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் கதவைத் திறந்ததும் சிரிப்பு நின்றது. என் மனைவி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

இப்போதெல்லாம் அங்கே வண்டியை நிறுத்தியதும் இறங்கிவிடுகிறேன். பக்கத்திலேயே காப்பிக்கடை இருக்கிறது. நான் ஸ்டேஷன் அருகே இருக்கும் கடைவரை நடந்து போகிறேன். நல்ல காப்பி அங்கேதான் கிடைக்கும் என்று சொல்லியிருக்கிறேன். குடித்துப் பார்த்தால் சுமார்தான்.