நாலாவதாக வந்தவரின் முதுகு

எண்பதுகளின் நடுவில் டென்மார்க்கின் ஹோர்சன்ஸில் நான் வேலை செய்த இறைச்சித் தொழிற்சாலையில் ஒரு ஒல்லாந்துக்காரர் இருந்தார். யாழ்ப்பாணத்தில் நான் அறிந்த ஒல்லாந்தர் எல்லாரும் கோட்டை கட்டிவிட்டுச் செத்துப்போனவர்கள். இவர் டேனிஷ் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்து, என் பக்கத்தில் நின்று பன்றித் தொடை தூக்கினார். ஆங்கிலத்தில்தான் கதைப்போம், அதை இங்கே எங்கள் தமிழில் தருகிறேன்.

இளமையில் அவர் பனித்தள ஓட்டக்காரர். சப்பாத்தின் அடியில் நீளக் கத்தி பூட்டி, முதுகை மேசைபோல் மடித்து, இருவர் இருவராகப் பத்தாயிரம் மீட்டர் சறுக்கி ஓடுவது. தேசிய அணியில் பெரும்பாலும் மாற்று ஆள். அதாவது, முதல் ஆளுக்குக் காய்ச்சல் வரவேண்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டு வெளியே கைதட்டும் பதவி. ஒருமுறை காய்ச்சல் வந்தது. உலகப் போட்டியில் இவரை இறக்கினார்கள். ஆரம்பச் சோடியில் ஓடி முடித்தபோது பலகையில் இவர் பெயர் முதலாவது. பிறகு போர்வையைப் போர்த்திக்கொண்டு வாங்கில் இருந்து, தன் பெயர் இறங்குவதைப் பார்த்திருக்கிறார்.

"கடைசிச் சோடி ஓடி முடியும்வரைக்கும் நான் மூண்டாவது," என்பார்.

அடுத்த குளிர்காலம் இளையவன் ஒருவனை எடுத்தார்கள். அத்துடன் ஓட்டம் முடிந்தது.

பிறகு முதுகு போனது. தொழிற்சாலை வேலையால் வந்த சேதம் என்றால் ஆயுள் முழுக்க உதவிப்பணம். பழைய விளையாட்டால் வந்தது என்றால் ஒன்றும் இல்லை. விழும்வரை தூக்க வேண்டியதுதான். ஊரில் நான் தொழில் திணைக்களத்தில் இப்படியான கோரிக்கைகளை நிராகரிக்கும் மேசையில் இருந்தவன். அந்தக் கலையில் என்னைக் குறை சொல்ல முடியாது. ஆகவே அவருக்குப் பாடம் எடுத்தேன்: கேட்டதற்கு மட்டும் பதில். பந்தயம் என்ற சொல்லே வாயில் வரக்கூடாது. டேனிஷில் இதற்கென்றே வசதியான சொல் உண்டு: மொஷோனிஸ்ட். உடம்பு நலத்துக்காகச் சும்மா ஓடித் திரிகிறவர்.

"நான் மொஷோனிஸ்ட் இல்லை," என்றார்.

அறையில் என்னோடு இருந்த மன்னார்த் தம்பியிடம் இதைச் சொல்லிச் சலித்துக்கொண்டேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"அண்ணை, மோஷன் எண்டால் ஆஸ்பத்திரியிலை நேர்ஸ் காலமை கேக்கிறதெல்லோ? அந்த மனிசன் மாட்டன் எண்டதிலை என்ன பிழை?"

"அது டேனிஷ் சொல்லடா."

"டேனிஷிலையும் நாறத்தான் செய்யுது."

பரிசோதனைக்குத் துணையாக ஒருவர் போகலாம் என்பது விதி. போனேன். வைத்தியர் வயதானவர், அன்பானவர். அன்பான அதிகாரிகளிடம்தான் கவனமாக இருக்கவேண்டும். தூக்குகிற பாரங்களை விசாரித்தார், முதுகைத் தட்டினார், எல்லாம் நன்றாகவே போனது. கடைசியாகச் சிரித்துக்கொண்டு கேட்டார்: "ஒல்லாந்துக்காரர் எல்லாரும் சறுக்குவார்கள். நீங்களும் ஒரு மொஷோனிஸ்ட்தானே?"

நான் சொல்லிக்கொடுத்த சொல்லை அவரே எடுத்து நீட்டுகிறார். ஒரு 'ஓம்' போதும். ஒல்லாந்துக்காரர் என்னைப் பார்த்தார். நான் என் சப்பாத்தைப் பார்த்தேன்.

"இல்லை," என்றார். "உலகத்தில் நாலாவது."

சொன்னதோடு நிற்கவில்லை. எழுந்து, முழங்காலை மடக்கி, கைகளைப் பின்னால் கட்டி, அந்த அறையின் நடுவே முதுகைத் தட்டையாக மடித்துக் காட்டினார். குனியமுடியாது என்று நிரூபிக்க வந்த முதுகு. முகத்தில் இரத்தமே இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு அப்படியே நின்றார். வைத்தியர் பேனாவை வைத்துவிட்டு, அன்று பனி எப்படி இருந்தது என்று கேட்டார். மென்மையாக இருந்தது, கத்தி பனியில் பிடித்தது, என்று நெடுநேரம் கதைத்தார்கள். பிறகு வைத்தியர் பேனாவை எடுத்தார்.

பஸ் தரிப்பில் நான் வெடித்தேன். "ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் உமக்கு வாய் வெந்துபோகுமோ?"

"பனி எப்பிடி இருந்தது எண்டு கேட்டவர். இந்த நாட்டிலை இவ்வளவு காலமும் ஒருத்தரும் கேக்கேல்லை." பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நீயும் கேக்கேல்லை."

கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. காரணம், நீண்டகாலப் போட்டி விளையாட்டு. நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். மேன்முறையீட்டுக்கு இடம் இருந்தது; வைத்தியரிடம் பெருமைக்காகக் கூட்டிச் சொல்லிவிட்டார், உண்மையில் வெறும் மொஷோனிஸ்ட், என்று எழுதி அவர் வீட்டுக் குசினியில் வாசித்துக் காட்டினேன். அவருடைய மனைவி ஓம் என்று தலையாட்டினார்.

"அந்த வரியை எடுத்துப்போட்டு அனுப்பு," என்றார் ஒல்லாந்துக்காரர்.

"அந்த வரிதான் மேன்முறையீடு. அது இல்லாட்டி ஒண்டுமில்லை."

"அப்ப ஒண்டும் வேண்டாம்."

மனைவி கோப்பைகளை எடுத்துக்கொண்டு போய்க் கழுவத் தொடங்கினார். மேசைக்குத் திரும்பி வரவேயில்லை. மேன்முறையீட்டுத் தவணை முடிந்தது. ஒல்லாந்துக்காரர் பன்றித் தொடைக்குத் திரும்பினார். குளிர்காலம் தொடங்கமுன் அதுவும் ஏலாமல், தரை கழுவ விட்டார்கள். இரத்தத் தண்ணீருக்குள் குழாயைப் பிடித்தபடி வளைந்து நின்றார். வேலை முடிந்து சப்பாத்துக் கழற்றும்போதும் அந்த முதுகு நிமிரவில்லை.