எப்சிபா எண் சொன்னால்

எங்கள் ஆபீஸ் கிளார்க் எப்சிபா எண் இல்லாமல் பேசமாட்டாள். "நல்ல மழை" என்று அவள் வாயில் வராது. "எழுபத்திரண்டு மில்லிமீட்டர்" என்பாள். தேவிகுளத்துக்கு மேலே இருக்கும் எங்கள் எஸ்டேட்டில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் கிடையாது. அட்டெண்டர் மரியஜோசப்பாகிய நான்தான் அதில் முதல் ஆள்.

மலை உச்சியில் ஒரு மழைமானி உண்டு. ஃபோன் போட்டால் அதுவே கணக்குச் சொல்லும். ஆனால் ஃபோன் கம்பி வழியே கணக்கை வாங்கும் மோடம் உள்ள பழைய லேப்டாப்போடுதான் பேசும். அந்த லேப்டாப்பில் ஃபோன் வயர் செருகும் துளை உடைந்து வருஷம் நாலாகிறது. அதை உட்காரவைக்கும் தட்டையான பெட்டியான டாக்கிங் ஸ்டேஷனின் முதுகில் இன்னொரு ஃபோன் துளை இருக்கிறதாம். மூன்று முறை நான் அதைப் பழைய இரும்புக் கடைக்குத் தூக்கினேன். மூன்று முறையும் எப்சிபா பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

போன ஜூலையில் மூன்று நாள் விடாத மழை. செல்போன் டவர் படுத்துவிட்டது. உச்சிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகும் எஸ்டேட்டின் சொந்த ஃபோன் கம்பி மட்டும் உயிரோடு இருந்தது. உச்சியில் ஒரே நாளில் இருநூறு மில்லிமீட்டர் தாண்டினால் மண் சரியலாம்; தொழிலாளர் வரிசை வீடுகளான கீழ் லயத்துப் பதினோரு வீட்டையும் காலிசெய்து பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டும். மூன்றாம் வீடு என்னுடையது. காலையிலேயே என் மனைவி செபமாலையம்மாளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டுப் பார்த்தேன்.

"போன வருசமும் இப்படித்தான் சும்மா ஓட வச்சீங்க. எப்சிபா எண் சொல்லட்டும், வாரேன்."

லயம் முழுக்க அதே பேச்சு. ஆபீசுக்கு ஓடினேன்.

எப்சிபா லேப்டாப்பை டாக்கிங் ஸ்டேஷன்மேல் அழுத்தி உட்காரவைத்தாள். ஃபோன் வயரை நான் பெரிய துளையில் செருகினேன். "அது நெட்வொர்க்குக்குண்ணே" என்று உருவி, பக்கத்திலிருந்த சின்னத் துளையில் மாட்டினாள். மோடம் கிறீச்சிட்டது. பாதியில் அறுந்தது. மறுபடி முயன்றாள், மறுபடியும் அறுந்தது.

அவள் திரும்பிப் பார்த்தபோது மேனேஜர் மேசை ரிசீவர் என் காதில் இருந்தது. மழைக்காலத்தில் லைன் இருக்கிறதா என்று எடுத்துக் கேட்பது எங்கள் எஸ்டேட்டில் எல்லாருக்கும் பழக்கம். அந்த ஃபோனும் மோடமும் ஒரே லைன்.

"நீங்க எடுத்தா அறுந்துருமுண்ணே. ரெண்டு நிமிசம் தொடாதீங்க."

ஊருக்கெல்லாம் 'பதறாத காரியம் சிதறாது' என்று சொல்கிறவன் நான். வெட்கமாகப் போய்விட்டது. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மோடம் கத்தி அடங்கியது. திரையில் எண் வந்தது. இருநூற்றுப் பதினாறு.

எப்சிபாவே குடையோடு என்கூட லயத்துக்கு வந்து சொன்னாள். பதினோரு வீடும் மூட்டை கட்டியது. செபமாலையம்மாள் கோழிகளைக் கூடையில் போட்டுக்கொண்டு முதல் ஆளாகக் கிளம்பினாள். ஃபோனைப் பார்த்துக்கொள்ள நானும் எப்சிபாவும் ஆபீசுக்குத் திரும்பினோம்.

மூன்று மணிக்கு மண் சரிந்தது. என் வீட்டுச் சமையலறை போனதை ஜன்னலிலிருந்தே பார்த்தேன். யாராவது எதையாவது எடுக்கத் திரும்பிப் போயிருந்தால் என்று நினைக்கும்போதே ஃபோன் அடித்தது. எப்சிபாவைப் பார்த்தேன்.

"எடுக்கட்டுமாம்மா?"

"இப்ப எடுங்கண்ணே."

பள்ளிக்கூடத்திலிருந்து செபமாலையம்மாள்.

"முப்பத்தெட்டுப் பேரும் இங்கதான் இருக்கோம். எண்ணிட்டேன்."