ஐந்து மில்லிமீட்டர்

எண்பதுகளின் கடைசியில் மதுரைக்குப் பக்கத்தில், கப்பலூர் தொழிற்பேட்டையில், இயந்திர பாகங்கள் செய்யும் ஒரு சிறிய கம்பெனியில் நான் டிராஃப்ட்ஸ்மேன்; பாகங்களுக்குப் படம் வரைகிறவன். பதினேழு வருடம் டிராயிங் போர்டு முன்னால் நின்றவன். என் கோடு அச்சடித்த மாதிரி இருக்கும் என்று நாலு பேர் சொல்லிச் சொல்லி எனக்குத் தலைக்கனம் ஏறியிருந்தது. அப்போதுதான் முதலாளி கம்ப்யூட்டர் வாங்கினார். அதற்கென்று ஏசி வைத்த தனி அறை. ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். முதல் நாளே என் சாக்ஸின் ஓட்டை வழியாகப் பெருவிரல் எட்டிப் பார்த்தது. அதைக் காலுக்குக் கீழே மடக்கிக்கொண்டே மேசை வரை நடந்தேன்.

கம்ப்யூட்டரோடு ஒரு பெண்ணும் வந்தாள். இருபத்திரண்டு வயது, டிப்ளமோ படித்தவள். முனிச்சாலைப் பக்கம் சௌராஷ்டிரக் குடும்பம், அப்பா தறி நெய்கிறவர். மூன்று மாதத்துக்குள் எனக்குக் கற்றுக்கொடுத்து, ஒரு பாகத்தையாவது கம்ப்யூட்டரிலேயே செய்து வார்ப்பு வரைக்கும் கொண்டுபோய்க் காட்டினால் வேலை நிரந்தரம் என்று முதலாளி சொல்லியிருந்தார். "வீட்ல மாப்பிள்ளை பாக்குறாங்க சார். வேல நெலச்சா ரெண்டு வருசம் தள்ளிப்போடலாம்" என்று அவளே ஒருநாள் சிரித்துக்கொண்டு சொன்னாள்.

அதுவரை நான் ஒரு பொருளை மேலிருந்தும் முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்த்து மூன்று படமாகத்தான் போட்டிருக்கிறேன். கம்ப்யூட்டரிலோ திரைக்குள் பொருளையே செய்யவேண்டுமாம். அவள் பையிலிருந்து ஒரு சலவை சோப்புக் கட்டியை எடுத்து மேசையில் வைத்தாள். பால்பாயிண்ட் பேனாவை அதற்குள் குத்தி வெளியே இழுத்தாள்.

"இது பெட்டி சார். பேனா உருளை. பெட்டியிலருந்து உருளையக் கழிச்சா ஓட்டை. ஒட்டுறதும் கழிக்கிறதும், அம்புட்டுத்தான்."

"தெரியும்மா" என்றேன். தெரியவில்லை. என் முன்னால் சோப்பை வைத்துப் பாடம் நடத்துகிறாளே என்ற கோபத்தில் பாதி காதில் விழவே இல்லை.

இன்னொரு நாள் சொன்னாள்: "அளவு மாறுனா உள்ள இருக்க பொருளத்தான் சார் திரும்பச் செய்யணும். மேல இருக்க நம்பர மட்டும் மாத்துனா பொருள் அப்பிடியேதான் இருக்கும்."

அதற்கும் "தெரியும்மா" என்றேன். எப்படித் திரும்பச் செய்வது என்று கேட்டிருக்கவேண்டும். என்னைவிட அவ்வளவு சின்னப் பெண்ணிடம் கேட்க வாய் வரவில்லை.

போர்டில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. அளவு கொஞ்சம் மாறினால் படத்தை அழித்துப் போடமாட்டோம். பழைய எண்ணை பிளேடால் சுரண்டிவிட்டுப் புது எண்ணை எழுதி, அடியில் ஒரு கோடு இழுப்போம். பட்டறையில் டர்னரானாலும் ஃபிட்டரானாலும் அந்தக் கோட்டைப் பார்த்ததும் புரிந்துகொள்வார்கள்: படத்தை நம்பாதே, எண்ணை நம்பு. படத்தின் மேல் ஸ்கேல் வைத்து அளக்கிறவனுக்கு எங்களிடம் நல்ல வசவு கிடைக்கும்.

மூன்றாவது மாதம், சுழலும் ஷாஃப்டைத் தாங்கிப் பிடிக்கும் ஒரு பிராக்கெட்டை எடுத்துக்கொண்டோம். செய்தது அவள், நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினேன். அடியிலிருந்து ஷாஃப்ட் துளையின் நடுப்புள்ளி வரை எண்பது மில்லிமீட்டர். அவள் லீவில் இருந்த ஒருநாள் முதலாளி வந்தார்.

"அண்ணே, எம்பதை எம்பத்தஞ்சா மாத்தணுமாம். நீங்க மாத்திருவீங்களா, இல்ல அந்தப் புள்ள வரட்டுமா?"

"அந்தப் புள்ள எதுக்கு? நானே மாத்திருவேன்" என்றேன்.

ஒரு மணி நேரம் முட்டி மோதினேன். பொருள் அசையவில்லை. கடைசியில் எண்பதை அழித்துவிட்டு எண்பத்தைந்து என்று அடித்தேன். அடியில் ஒரு கோடும் இழுத்து, தாளில் எடுத்து அவள் மேசையில் வைத்தேன். போர்டில் செய்ததைத்தானே செய்தோம் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

மறுநாள் தாளைப் பார்த்ததும் அவள் முகமெல்லாம் சிரிப்பு. "நீங்களே மாத்திட்டீங்களா சார்? பரவாயில்லையே!" கோட்டை அழகுக்குப் போட்டேன் என்று நினைத்திருப்பாள். உள்ளே திறந்து பார்க்கவில்லை, என்னை நம்பினாள். கம்ப்யூட்டரில் இருந்த பொருளின் உருவத்தை நிஜ அளவில், எண் எதுவும் இல்லாமல், பெரிய தாளில் எடுத்து, வார்ப்புக்கு மர அச்சு செய்கிறவருக்கு அனுப்பினாள். அவர் தாளை மரத்தில் ஒட்டி, கோட்டின் மேலேயே அறுத்தார்.

இருபது வார்ப்பு வந்தது. இருபதும் ஐந்து மில்லிமீட்டர் குட்டை. கூடியிருந்தால் சீவிவிடலாம். குறைந்ததை என்ன செய்வது?

முதலாளி எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். அவர் கையில் என் எண்பத்தைந்து இருந்த தாள்.

"அண்ணன் நம்பரச் சரியாத்தான் போட்டிருக்காரு. அப்ப கம்ப்யூட்டர்ல நீதானம்மா தப்பு பண்ணியிருக்க?"

"உள்ள எம்பதுதான் சார் இருக்கு" என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்கும் புரிந்தது. நான் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு வாக்கியம் போதும்: நான்தான் எண்ணை மட்டும் மாற்றினேன். அதைச் சொன்னால் பதினேழு வருடப் பேர் போய்விடும். அவள் என்னிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு, "நான் பாத்திருக்கணும் சார்" என்று முதலாளியிடம் சொன்னாள். அவளைச் சனிக்கிழமையோடு வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

கோழைத்தனம் என்று அதற்குப் பெயர். வேறு சொல் தேடி நான் அலையவில்லை.

சனிக்கிழமை மதியம் அறைச் சாவியை என்னிடம் கொடுக்க வந்தாள். கண் கலங்கியிருக்கவில்லை, அதுவே எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. மேசையில் அந்த சோப்புக் கட்டி ஓட்டையோடு அப்படியே கிடந்தது. கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பிராக்கெட்டைத் திரையில் வரவழைத்துவிட்டு என் பக்கம் நாற்காலியைத் தள்ளினாள்.

"பஸ்ஸுக்கு இன்னும் பத்து நிமிசம் இருக்கு சார். எம்பத எப்பிடி எம்பத்தஞ்சாக்குறதுன்னு சொல்லித் தரவா?"

அறையில் வேறு யாரும் இல்லை. கேட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

"தெரியும்மா" என்றேன்.