நகராத கடைவாய்ப் பல்

என் மூத்த மகளுக்குப் பதினோரு வயதாகியும் இடது பக்கக் கடைவாய்ப் பற்கள் மேலும் கீழும் சேரவில்லை. வாயை மூடினால் அந்தப் பக்கம் மட்டும் விரல் நுழையும். ஈப்போவில் ஒரு தனியார் கிளினிக்கில் கம்பி போட்டார்கள். "இழுத்தா வந்துரும்" என்றார்கள். மாதாமாதம் குனோங் ராபாட் வீட்டிலிருந்து காரில் கூட்டிப்போவேன். கம்பியை முறுக்கிய நாள்களில் கஞ்சி குடிக்கக்கூட அழுவாள். "கொஞ்சம் தாங்கிக்கோ லா" என்று சொன்னது நான்தான்.

ஒன்றரை வருஷத்தில் இடைவெளி குறையவில்லை, கூடியது. வராத பல் நின்ற இடத்திலேயே நிற்க, பக்கத்திலிருந்த நல்ல பற்கள் ஈறுக்குள் இறங்க ஆரம்பித்தன. கிளினிக்கில் கைவிரித்து, பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

அங்கே பார்த்த டாக்டர் ஒரு தமிழ்ப் பெண், என்னைவிட இளையவர். எக்ஸ்ரேயைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார்.

"பல்லைச் சுத்தி ஒரு உறை இருக்கும்கா. அது தகவல் அனுப்புனா, எலும்பைக் கரைக்கிற செல்லுங்க வந்து மேல வழி பண்ணும். இங்க வழி ஆயிருச்சு, பாருங்க. பல்லுதான் நகரல."

"ஏன் டாக்டர்?"

"அந்தத் தகவலை வாங்கிக்கிற புரதம் ஒண்ணு இருக்கு. அது சரியா வேலை செய்யல போல. மரபணுவுல வர்றது. இந்தப் பல்லை இழுத்தா வராது, எலும்போட ஒட்டிக்கும்."

"அப்போ இவ்வளவு நாள் இழுத்தது?"

அவர் திரையைவிட்டுப் பார்வையை எடுக்கவில்லை. "கம்பியை இன்னைக்கே எடுத்துரலாம்" என்றார். பிறகு, "குடும்பத்துல வேற யாருக்கும் இப்படி இருக்கா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்து காட்டினேன்.

காம்பார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவள் நான். எனக்கும் வலது பக்கப் பற்கள் சேர்ந்ததே இல்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் வலிக்கிற பல்லைப் பிடுங்குவார்கள், வராத பல்லை யார் தேடினார்கள்? ஒரு பக்கமாகவே மென்று பழகிவிட்டேன். அது குடும்பத்தில் வரும் கோளாறு என்றே அன்றுவரை எனக்குத் தெரியாது.

டாக்டர் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். மகள் நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

இருவர் ரத்தத்தையும் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஒரே மரபணுவில், ஒரே இடத்தில், ஒரே பிழை. முடிவு கேட்டுத் திரும்பும்போது காரில் மகள் கேட்டாள்:

"தெரிஞ்சிருந்தா கம்பி போட்டிருக்க மாட்டீங்கல்ல மா?"

"மாட்டேன்."

அவள் கோபப்படவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கோபப்பட்டிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

வளர்ச்சி நிற்கும்வரை ஒன்றும் செய்வதற்கில்லையாம். அதற்குப் பிறகு, இருக்கிற பல்லின் மேல் உயரமாகச் செயற்கை உறை கட்டிப் பார்க்கலாம் என்றார் டாக்டர். "நீ என்ன வேணும்னேவா குடுத்த?" என்றார் கணவர். சரிதான். ஆனாலும் கொடுத்தது நான்தானே.

இளையவளுக்கு ஆறு வயது. அவளுக்கும் வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. முன்கூட்டியே தெரிந்தாலும் தடுக்க வழியில்லை என்பதால் பரிசோதனைக்கு நான் இன்னும் சம்மதிக்கவில்லை. போன வாரம், அரிசி கழுவிக்கொண்டிருந்தபோது ஓடிவந்து வாயைத் திறந்தாள். "புதுப் பல்லு மா!"

கடைவாயில், ஈறைக் கிழித்துக்கொண்டு வெள்ளையாக ஒரு முனை. சில பற்கள் இவ்வளவு வந்தபிறகும் நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "ஆமாடா, வந்துருச்சு" என்றேன்.